உபதேசம் நமக்கு, உரிமை யாருக்கு?

ஜனவரி பிறந்துவிட்டால் மும்பை மாநகரத்தின் சந்திப்புகளில் எல்லாம் துணித் தட்டிகள் ஏறிவிடுகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையில் அட்டையைக் கொடுத்துக் கோஷம் போடச் சொல்கிறார்கள். தலைக்கவசம் போட்டு வந்தவருக்கு ரோஜாப்பூ. போடாமல் வந்தவருக்கு அபராதச் சீட்டு. நடிகர் ஒருவர் வருகிறார், மந்திரி ஒருவர் வருகிறார், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சாலைப் பாதுகாப்பு வாரம் என்று நடந்துவந்த இந்தத் திருவிழாவை 2021-ஆம் ஆண்டில் ஒரு மாதமாக நீட்டினார்கள். திருவிழா நீண்டது. சாவு குறைந்ததா?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டில் இந்த நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 461 பேர். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 1,72,000-ஐயும் தாண்டியது. நான் ரயில்வேயில் குமாஸ்தா. ரயில் கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவன். விசாரணைக் கமிஷன் வரும், பாதுகாப்பு ஆணையர் வருவார், ஒவ்வொரு ஆணியையும் எண்ணுவார்கள். 1956-இல் அரியலூரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். அதைப்போல மூன்று மடங்கு உயிர் இன்று நாள்தோறும் சாலையில் போகிறது. எந்த மந்திரி நாற்காலியை விட்டு எழுந்தார்? எழவில்லை. காரணம், சாலையில் சாகிறவன் ஒவ்வொருவனாகச் சாகிறான். அவன் சாவுக்கு அவனையே பொறுப்பாக்கிவிடுவது சுலபம்.

அந்த 1,68,491 பேர் யார் யார் என்று பாருங்கள். இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். வெறுங்காலோடு நடந்து போனவர்கள் 32,825 பேர். இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு 64 பேர். காரின் கண்ணாடிக்குள் குளிர்காற்றில் உட்கார்ந்து போகிறவர் அல்ல, பால் வாங்கப் போனவர், மில் சங்கு ஊதிய காலத்திலிருந்து வேலைக்கு நடந்தே போய்ப் பழகியவர், சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு விடியற்காலையில் தாராவியிலிருந்து புறப்பட்டவர், தவணையில் வாங்கிய வண்டியில் அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்து ஓடும் நம் வீட்டு இளைஞன். இவர்கள்தான் அந்த 64.

தலைக்கவசம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் சிலர் போலீஸ் மேலுள்ள கோபத்தைத் தங்கள் தலையின் மேலேயே காட்டிக்கொள்கிறார்கள். அதே 2022-இல் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் உட்காருவது நம் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். ஓட்டுகிறவருக்கு ஒன்று, உட்காருகிறவருக்கு ஒன்று என்று இரண்டு கவசம் வாங்குங்கள். பொங்கலுக்கு ஒரு சட்டை குறைந்தால் குறையட்டும்.

ஆனால் கவசம் போட்டுக்கொண்டு எந்தச் சாலையில் போவது? நடக்கிறவனுக்கு நடைபாதை எங்கே? தாராவியின் 90 அடிச் சாலையில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓரமாகப் போகட்டும் பார்க்கலாம். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே! பாந்திரா வொர்லி கடல் பாலம் 2009-இல் திறந்தது. அதில் நடக்கக் கூடாது, ஸ்கூட்டர் போகக் கூடாது. 2024-இல் கடற்கரைச் சாலை திறந்தது. ஆயிரக்கணக்கான கோடி மக்கள் பணம். அதிலும் இரு சக்கர வாகனத்துக்கு இடமில்லை. நமது வரிப்பணத்தில் நமக்கு இல்லாத சாலை. நமக்கு உள்ள சாலையில் நமக்கு ஓரம் இல்லை. ‘கவனமாக நடங்கள்’ என்ற தட்டி மட்டும் நமக்கு உண்டு, அதையும் நடைபாதைக்குக் குறுக்கேதான் கட்டுகிறார்கள்.

நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர், எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012 முதல் அந்த ஒரே வழக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உடைந்த காலைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போய், காலை உடைப்பவனைக் கேட்போம் என்று நீதிமன்றத்துக்குப் போனார் போலும். ஜனவரி மாதத் தட்டிகளில் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வரி எங்கேயாவது பார்த்தீர்களா?

சட்டத்தின் நியாயத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். தலைக்கவசம் போடாதவனுக்கு 1,000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் ரத்து. சாலையை விதிப்படி அமைக்காமல், அதனால் ஓர் உயிர் போனால் அந்தக் கான்டிராக்டருக்கும் பொறியாளருக்கும் அதிகாரிக்கும் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அபராதம். அது 198-அ பிரிவு. முதல் அபராதத்தை நம் இளைஞர்கள் வாரம் ஒருமுறை கட்டுகிறார்கள். இரண்டாவது அபராதத்தைக் கட்டிய ஒரு கான்டிராக்டரை நம் பேட்டைகளில் யாராவது பார்த்ததுண்டா? தட்டியில் எழுத வேண்டியது இதுவல்லவா?

வாகனத்தை ஓட்டுகிறவர்களிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டாக்சி, ஆட்டோ, டெம்போ, தண்ணீர் லாரி. அவர்களை நான் விட்டுவிடவில்லை. வேகத்துக்கு அவர்களும் பொறுப்பு. ஆனால் ஓர் இரவில் எத்தனை நடை அடித்தால் கூலி என்று முதலாளி கணக்கு வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் பலசரக்கு என்று கம்பெனி விளம்பரம் செய்துவிட்டு, பிறகு டிரைவரைப் பார்த்து ‘நிதானம் தேவை’ என்று உபதேசிப்பது என்ன நியாயம்? நிதானத்தை விற்றுத்தான் அவன் கூலி வாங்குகிறான்.

யாரும் சொல்லாத சட்டங்கள்

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டில் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டிகளால் இறந்தவர்கள் 30,486 பேர். இப்படிப்பட்டவர்களின் குடும்பத்துக்கு வண்டி எண் தெரியாவிட்டாலும் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு 25,000 ரூபாயாகவும் 12,500 ரூபாயாகவும் இருந்ததை 2022 ஏப்ரல் முதல் உயர்த்தினார்கள். விண்ணப்பத்தைத் தாசில்தார் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை.

ஓர் ஆண்டில் முப்பதாயிரத்துக்கு மேல் சாவு. 2022-23-இல் இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை? 205. மறுபடியும் சொல்கிறேன், இருநூற்று ஐந்து. உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துத் திடுக்கிட்டு, 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த இழப்பீட்டைக் கேட்கலாம் என்று போலீஸ் நிலையமே குடும்பத்தாருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பேட்டையில் ஓர் இட்லிக்காரர் இருந்தார். பெயர் வேண்டாம், ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2023 மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த அம்மா மூன்று முறை போலீஸ் நிலையத்துக்கு நடந்தார். வண்டி கிடைக்கவில்லை, கேஸ் முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். இழப்பீடு என்று ஒன்று உண்டு என ஒருவரும் சொல்லவில்லை. மராத்தியில் எழுதிய பஞ்சநாமாவில் அவரிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். அதை வாங்கிப் படித்துப் பார்த்தால், ‘இருட்டில் சாலையின் நடுவில் கவனக்குறைவாக நடந்து சென்றார்’ என்று இருக்கிறது. கண்ணால் கண்ட சாட்சி ஒருவருமில்லாத விபத்தில், இறந்தவன் கவனக்குறைவாக நடந்தான் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? நமது சங்கம் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நாம் விடப்போவதில்லை.

எங்கள் ரயில்வேயிலும் இதே கதைதான். இரு பக்கமும் குடிசையை வைத்து, கடக்க வழி வைக்காமல் தண்டவாளம் போட்டிருப்பார்கள். குறுக்கே நடந்து செத்தவனை ‘அத்துமீறி நுழைந்தவன்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் 8 லட்சம் ரூபாய். அத்துமீறியவன் என்று எழுதிவிட்டால் ஒன்றுமில்லை. எழுதுகிற கை யாருடையதோ அவன் கையில்தான் எல்லாம்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, விபத்து நடந்த 10 நாளுக்குள் விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் இவை இவை என்று அச்சடித்த படிவத்தைக் குடும்பத்தார் கையில் கொடுக்க வேண்டும். நம் தாய்மார்களில் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்? முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். எத்தனை பேர் ஜெராக்ஸ் காசு கொடுத்து வாங்கினீர்கள்?

அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கப் பயப்படுகிறோம். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே என்று. 2019 திருத்தத்தில் 134-அ பிரிவு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனவனின் பெயரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைக்க முடியாது. அடிபட்டவனுக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் சட்டச் சடங்கு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொன்னது. 2025 மே முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு ரொக்கமில்லாச் சிகிச்சை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. முன்பணம் கட்டு என்று வாசலில் மறித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி எண் தெரிந்திருந்தால் வழக்கை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். 6 மாதத்துக்குள் என்று ஒரு கெடுவை 2022-இல் கொண்டுவந்தார்கள். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

இவ்வளவும் சட்டம். இதில் ஒரு வரியாவது தமிழில் அச்சடித்துத் தாராவிக்கோ, சயான் கோலிவாடாவுக்கோ, மான்கூர்டுக்கோ கொண்டுவந்து கொடுத்தார்களா? ‘வேகம் கொல்லும்’ என்று இந்தியில் எழுதிப் போனார்கள். விழிப்புணர்வு வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் நாம் எதில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

நம் சங்கங்களையும் சும்மா விடுவதற்கில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் இன்ஸ்பெக்டரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, எலுமிச்சம்பழம் கொடுத்து, அவர் பத்து நிமிடம் பேசுவதற்குக் கைதட்டி, பத்திரிகையில் படம் போட்டுக்கொள்ளும் தமிழ்ச் சங்கங்கள் எத்தனை! பொன்னாடை போர்த்துங்கள், தப்பில்லை. போர்த்திய கையோடு, ‘ஐயா, உங்கள் நிலையத்தில் சென்ற ஆண்டு எத்தனை குடும்பத்துக்கு அந்த உரிமைப் படிவம் கொடுத்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? அடுத்த ஆண்டு வரமாட்டார் என்று பயமா?

காக்கிச் சட்டைக்குள் யார்?

பஞ்சநாமா எழுதுகிற கை என்று சொன்னேன். அந்தக் கை ஏன் நம் பிள்ளையின் கையாக இருக்கக் கூடாது? கேட்டால் சிரிக்கிறார்கள். ‘போலீஸ் வேலையா? அது நமக்கெதுக்கு?’ என்கிறார்கள். 1966-க்குப் பிறகு தென்னிந்தியரை அடித்து விரட்டிய காலத்தில் போலீஸ் வேடிக்கை பார்த்ததைக் கண்ட பெரியவர்கள் சொன்னது, பேரப்பிள்ளை காது வரை வந்திருக்கிறது. அந்தக் கசப்பு நியாயமானதுதான். ஆனால் அறுபது வருடமாகக் கசந்துகொண்டே வெளியில் நின்றால் உள்ளே யார் மாறுவார்கள்?

வழிகளைச் சொல்கிறேன். மகாராஷ்டிர போலீஸில் கான்ஸ்டபிளுக்கு 12-ஆம் வகுப்பு தேற வேண்டும். முதலில் மைதானம், 50 மதிப்பெண்: ஆண்களுக்கு 1,600 மீட்டர் ஓட்டம், பெண்களுக்கு 800 மீட்டர், இருவருக்கும் 100 மீட்டர், குண்டு எறிதல். பிறகு எழுத்து, 100 மதிப்பெண்: கணக்கு, பொது அறிவு, புத்திக்கூர்மை, மராத்தி இலக்கணம். பெண்களுக்கு நூற்றுக்கு 30 இடம். மராத்தி என்றதும் ஒதுங்காதீர்கள். நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், தெருவில் மராத்தியில்தான் சண்டை போடுகிறார்கள். சண்டை போட வருகிற மொழி பரீட்சை எழுதவும் வரும். இலக்கணம் மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. தாராவியில் ஆதிதிராவிடர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாநில அரசு வேலையில் ஒதுக்கீடு கேட்டால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உன் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டு என்கிறார்கள். கூலிக்கு வந்த பாட்டன், ரேஷன் அட்டையைக்கூட வெள்ளத்தில் விட்டவன், 1950-ஆம் வருடத்துக் காகிதத்தை எந்தப் பெட்டியில் வைத்திருப்பான்? ஊரில் சாதி ஒதுக்கியது. இங்கே ஒதுக்கீடு ஒதுக்குகிறது. ஊர் மாறினால் தீண்டாமை மாறிவிட்டதா என்ன? இந்த விதியை எதிர்த்துக் குரல் எழுப்புவது ஒரு நீண்ட போராட்டம். உச்ச நீதிமன்றம் 2018-லும் மாநில வேலையில் நமக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் மத்திய அரசு வேலையில் அந்தத் தடை இல்லை. தகப்பனாருக்குத் திருநெல்வேலியில் கொடுத்த சாதிச் சான்றிதழை ஆதாரமாகக் காட்டி, பிள்ளைக்கு இங்கேயே சான்றிதழ் கேட்கலாம். மத்திய அரசு வேலைக்கு அது செல்லும். இதை அறியாமல் ‘நமக்கு ஒதுக்கீடு கிடையாது’ என்று பொதுப் பிரிவில் போட்டியிட்டு வயதைக் கடத்திய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ரயில்வேயின் பாதுகாப்புப் படையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் 4,208 கான்ஸ்டபிள் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 10-ஆம் வகுப்பு போதும். ஆரம்பச் சம்பளம் 21,700 ரூபாயும் படிகளும். ஆண்கள் 1,600 மீட்டரை 5 நிமிடம் 45 வினாடியில் ஓட வேண்டும். பெண்கள் 800 மீட்டரை 3 நிமிடம் 40 வினாடியில். பெண்களுக்கு நூற்றுக்கு 15 இடம். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இந்த அறிவிப்பு வந்தபோது எங்கள் நிலையத்தில் நான் பேசிய இருபது தமிழ் வாலிபர்களில் ஒருவருக்கும் தமிழில் எழுதலாம் என்பது தெரியாது.

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு அப்படி எழுத முடியாத காலம் இருந்தது. 2023-இல் சி.ஆர்.பி.எஃப். 9,212 இடங்களுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டில் மட்டுமே பரீட்சை என்று அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக்கு உரியவை 579. தமிழ்நாடு முதலமைச்சர் ஸ்டாலின் ஏப்ரல் 9 அன்று உள்துறை மந்திரிக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 15 அன்று, கான்ஸ்டபிள் பரீட்சையைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்துவோம் என்று உள்துறை அறிவித்தது. 2024 முதல் அமலாகிவிட்டது. கேட்டதால் கிடைத்தது. கிடைத்ததை எடுக்க ஆள் வேண்டுமல்லவா?

தேர்வானால் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சிப் பள்ளியின் வாசல் வரை போக ஒரு பயிற்சி வேண்டும். அதற்குத் தனியார் வகுப்புகள் கேட்கும் கட்டணத்தைக் கட்ட நம்மால் ஆகாது. ஓடுவதற்குக் கட்டணம் எதற்கு? மைதானம் இருக்கிறது, கால் இருக்கிறது. ஓய்வுபெற்ற ரயில்வே பாதுகாப்புப் படையினர் நம்மிடையே இருக்கிறார்கள். மராத்தி வாத்தியார்கள் நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். இன்னொன்று: பெண் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். காலையில் அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று சொன்ன ஒரு அத்தை, மகளின் சம்பளத்தில்தான் இப்போது வீட்டு வாடகை கட்டுகிறார்.

காக்கி போட்டவன் எல்லாம் நம்மவனாக இருந்தால் நியாயம் தானாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சொந்தக்காரனே லஞ்சம் கேட்ட கதைகள் நமக்குத் தெரியும். ஆனால் புருஷனை இழந்து நிற்கும் ஒரு தாய், தன் மொழியில் ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கு இந்த நகரத்துப் போலீஸ் நிலையத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

சங்கத்தின் செயற்குழு இரண்டு காரியங்களை முடிவு செய்திருக்கிறது. ஞாயிறுதோறும் காலை 6 மணிக்கு ஓட்டப் பயிற்சி, அது முடிந்ததும் 9 மணிக்குச் சங்க அலுவலகத்தில் மராத்தி இலக்கணமும் கணக்கும். சேர விரும்புகிறவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தகப்பனாரின் சாதிச் சான்றிதழ், 15 ஆண்டு இங்கே குடியிருந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றின் நகல்களோடு வரவும். கட்டணம் இல்லை. காலணி மட்டும் அவரவர் பொறுப்பு.

2022 ஏப்ரலுக்குப் பிறகு சாலை விபத்தில் ஆளை இழந்த குடும்பத்தார், வண்டி எண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முதல் தகவல் அறிக்கை நகல், பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அதே ஞாயிறு மாலை 4 மணிக்கு வாருங்கள். எந்தக் காகிதம் இல்லையோ, அது இல்லாமலே வாருங்கள்; அதைக் கேட்டு வாங்க நிலையத்துக்கு உங்களோடு இரண்டு பேர் வருவோம்.